திரை நின்றால் கணினியும் நின்றுவிட்டதா?

“லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட உட்கார்ந்தேன். லோகோ வந்தது, அப்புறம் வெறும் கருப்புத் திரை. பென்டிரைவில் நாலு தடவை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன். மெஷினே போய்விட்டதா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். இறக்கிய கோப்பின் செக்சம், அதாவது கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண், சரியாக இருக்கிறதாம். அப்படியானால் ஐந்தாவது தடவை எழுத வேண்டாம். கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிகிறதா?

அந்த விளக்கைப் பொத்தானே ஏற்றுகிறது என்று நினைத்திருப்போம். அதுதான் இல்லை. பொத்தானை அழுத்தினால் விசைப்பலகை “இந்த விசை அழுத்தப்பட்டது” என்று ஓர் எண்ணை மட்டும் உள்ளே அனுப்பும். விளக்கை ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கணினி. பல லேப்டாப்களின் உள்விசைப்பலகை இன்றும் பழைய பிஎஸ்/2 முறையில்தான் பேசுகிறது. அதில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் முதலில் ‘ஈடி’ என்ற கட்டளையை அனுப்பும். விசைப்பலகை ‘எஃப்ஏ’ என்று பதில் சொல்லும், அதாவது ‘கிடைத்தது’. அடுத்து ஒரு பைட் போகும். அதன் மூன்றாவது பிட் 1 என்றால் கேப்ஸ் லாக் எரியும். விரலுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி எரிகிற அந்தப் பச்சைப் புள்ளி, கர்னல் வரை போய்த் திரும்பி வந்த செய்தி! எனக்கு இது எப்போது பார்த்தாலும் ஆச்சரியம்தான்.

ஆகவே விளக்கு எரிந்து அணைந்தால் கர்னல் உயிரோடு இருக்கிறது, திரைதான் நின்றிருக்கிறது. விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால் அது கர்னல் பேனிக், அதாவது கர்னலே மீள முடியாமல் நின்றுவிட்டது. எரியவே இல்லை என்றாலும் உடனே முடிவுகட்ட வேண்டாம். வரைகலைத் திரை ஏறிவிட்டால் விளக்கின் பொறுப்பு அதனிடம் போய்விடும். ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்தபடி ‘பி’ (B) தட்டுங்கள். உடனே ரீஸ்டார்ட் ஆனால் கர்னல் விழித்துத்தான் இருந்தது.

சரி, திரை ஏன் நின்றது? மின்சாரம் வந்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருளான யுஇஎஃப்ஐ திரையை எழுப்பி, “நினைவகத்தின் இந்தப் பகுதியில் எழுதினால் திரையில் தெரியும்” என்று கர்னலிடம் ஒப்படைக்கிறது. சிறிது நேரத்தில் கிராபிக்ஸ் டிரைவர் வந்து சிப்பைத் தன் கையில் எடுக்கும். என்விடியா சிப் என்றால் அது பெரும்பாலும் நூவோ என்ற திறமூல டிரைவர். இந்தக் கைமாற்றத்தில்தான் பலருக்கு இடறுகிறது. “கைமாற்றாதே, யுஇஎஃப்ஐ கொடுத்ததை வைத்தே ஓட்டு” என்று சொல்வதுதான் ‘நோமோட்செட்’ (nomodeset). பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் ‘சேஃப் கிராபிக்ஸ்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லாவிட்டால் ‘இ’ (E) விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியில் ‘குவையட் ஸ்பிளாஷ்’ என்பதை எடுத்துவிட்டு அதே இடத்தில் ‘நோமோட்செட்’ என்ற சொல்லை எழுதி எஃப்10 அழுத்துங்கள்.

நூவோ எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சிப்பின் கையேடு கையில் இல்லாமல், என்விடியாவின் மூடிய டிரைவர் சிப்பின் எந்த ரெஜிஸ்டரில் (கட்டளை எழுதும் சிறு இடம்) என்ன எழுதுகிறது என்று உளவு பார்த்தே கட்டினார்கள். 2010இல் அது கர்னலில் சேர்ந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் கையேடு வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கு மொத்தமாகக் கணினி வாங்கும் டெண்டரில் இதை ஒரு நிபந்தனையாகவே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நிறுவி முடித்த பின் முதல் பூட்டிலும் திரை கருத்தால் பயப்படாதீர்கள். அதே சொல்லை இன்னொரு முறை போட்டு உள்ளே போய், உங்களுடையது என்விடியா சிப் என்றால் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பகுதியில் என்விடியா டிரைவரை ஏற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் தேவைப்படாது.