‘கட்டணக் கூட்டாண்மை’ என்னும் பிழைச்சொல்

எழுபது வயதைக் கடந்த என் பெரியம்மா மாலை நேரங்களில் கைப்பேசியில் சமையல் காணொலிகள் பார்ப்பார். சென்ற வாரம், ஒரு செக்கு எண்ணெயைப் புகழ்ந்து பேசிய பெண்ணின் பதிவில் சிற்றெழுத்தில் இருந்த ‘கட்டணக் கூட்டாண்மை’ என்னும் சொல்லைப் படித்துவிட்டு, “இந்தப் பொண்ணும் அந்தக் கம்பெனியில பங்கு போட்டிருக்கா போல. தன் காசையே போட்டிருக்கான்னா சரக்கு நல்லாத்தான் இருக்கும்” என்றார். பார்ப்பவரை எச்சரிப்பதற்காக வைக்கப்பட்ட சொல் நற்சான்றாகப் படிக்கப்பட்டுவிட்டது. பெரியம்மா தவறாகப் படிக்கவில்லை, சொல்தான் தவறு.

இன்ஸ்டாகிராம் 2017 ஜூன் மாதம் ‘பெய்டு பார்ட்னர்ஷிப்’ என்ற அடையாளத்தை அறிமுகப்படுத்தியது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதான் ‘கட்டணக் கூட்டாண்மை’. ஒரு நிறுவனத்திடமிருந்து பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு அதன் சரக்கைப் பற்றிப் பேசுபவர், அந்த உறவைப் பார்ப்பவருக்குத் தெரிவிப்பதே அதன் நோக்கம். ‘பார்ட்னர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘பார்சனர்’. சொத்தில் பங்குடைய உடன்வாரிசு என்று பொருள். நம் ‘பங்காளி’ ஏறத்தாழ அதுவேதான்.

இனி ‘கூட்டாண்மை’க்கு வருவோம். மேலாண்மை, வேளாண்மை போன்ற சொற்களின் வரிசையில் கூட்டாக ஆளுதல் என்ற பொருள்பட அமைந்த நல்ல சொல் அது. அதன் இடத்தில் அதை நான் குறை சொல்லமாட்டேன். 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், ஒரு தொழிலின் இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களுக்கு இடையிலான உறவையே கூட்டாண்மை என்கிறது. எண்ணெயைப் புகழ்ந்த பெண்ணுக்கு அந்த நிறுவனத்தின் இலாபத்தில் பங்கு இல்லை, இழப்பில் பொறுப்பும் இல்லை. பேசியதற்குக் கூலி உண்டு, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லே கூலியைப் பங்காளி உறவாக உயர்த்திக் காட்டும் மழுப்பல் என்னும்போது, அந்த மழுப்பலைச் சிதையாமல் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை ஆகாது.

‘கட்டணம்’ இன்னும் மோசம். பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், கட்டணக் கழிப்பிடம் என்று நாம் நாள்தோறும் புழங்கும் இடங்களில் எல்லாம், பயன்படுத்துபவர்தான் கட்டணம் செலுத்துகிறார். அந்த வழக்கின்படி ‘கட்டணக் கூட்டாண்மை’ என்றால் பார்ப்பவர் பணம் கட்டிச் சேரும் ஏதோ ஒரு கூட்டு என்றே பொருள்படும். இதைத் திருத்துவதாக எண்ணிச் சிலர் ‘பணம் செலுத்திய கூட்டாண்மை’ என்கிறார்கள். ‘செலுத்திய’ என்னும் பெயரெச்சம் தன் எழுவாயைத் தேடி நிற்கிறது. எதுவும் கிடைக்காமல் கூட்டாண்மையே பணம் செலுத்தியதாக முடிகிறது. ‘செலுத்தப்பட்ட’ என்று செயப்பாட்டுக்கு மாற்றினாலோ கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருசேர மறைந்துபோகிறார்கள். மறைக்கக் கூடாதது எதுவோ அது மறைகிறது. ‘கொலாபரேஷன்’ என்பதன் சுருக்கமாக இதே இடத்தில் புழங்கும் ‘கொலாப்’ என்பதை ‘ஒத்துழைப்பு’ என்றும் ‘இணைந்து வழங்கும்’ என்றும் பெயர்ப்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். சொற்கள் பொருள் தரும் முறையை, மறைமுகமாக உணர்த்தும் ‘குறிப்பு’, நேரடியாகச் சொல்லும் ‘வெளிப்படை’ என்று நன்னூலார் பிரிக்கிறார். இந்த மொழிபெயர்ப்புகள் எல்லாம் ‘குறிப்பு’ என்ற அளவிலேயே நிற்கின்றன. இங்கே வேண்டுவதோ வெளிப்படை.

இது அகராதிக்காரர்களின் வீண் வழக்கு அன்று. அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு ‘லார்ட் அண்ட் டெய்லர்’ என்னும் ஆடை நிறுவனம் ஐம்பது பேருக்கு ஒரே ஆடையை இலவசமாகக் கொடுத்து, ஆளுக்கு ஆயிரம் முதல் நாலாயிரம் டாலர் வரை பணமும் கொடுத்து, ஒரே வார இறுதியில் இன்ஸ்டாகிராமில் அணிந்து காட்டச் செய்தது. ஆடை விற்றுத் தீர்ந்தது. பணம் பெற்றதைச் சொல்லும்படி அவர்களிடம் கேட்கவில்லை என்பது அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. ‘எஸ்பி’ (‘ஸ்பான்சர்டு’ என்பதன் சுருக்கம்), ‘கொலாப்’ போன்ற தெளிவற்ற சுருக்கங்கள் போதா என்று அதே ஆணையம் பின்னர் வழிகாட்டியிருக்கிறது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணைநின்று பரிந்துரைப்பவருக்கும் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமுண்டு. மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரை. தமிழில் பேசிய விளம்பரத்துக்குத் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்குப் புரியாத அடையாளத்தை ஒட்டிவிட்டு, சொல்லிவிட்டோம் என்று ஒருவர் கைகழுவ முடியுமானால், அதற்கு வழி செய்து கொடுத்தவர் மொழிபெயர்ப்பாளர்.

சரியான சொல் நம் கையிலேயே இருக்கிறது: விளம்பரம். விளம்புதல் என்றால் பலரறியச் சொல்லுதல். குமரி மாவட்டத்தில் இலையில் சோறு கறி பரிமாறுவதையும் விளம்புதல் என்பார்கள். செய்தியின் சாயலில் வரும் பக்கங்களின் தலைப்பில் நாளிதழ்கள் அச்சிட்டு வந்ததும் இதே சொல்தான் என்பதால், என் பெரியம்மாவுக்கு அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதனோடு ஒரு வினைமுற்றும் சேர வேண்டும் என்பேன்: ‘விளம்பரம். இதற்குப் பணம் பெற்றேன்.’ ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக இருப்பது தமிழிலும் பெயர்ச்சொல்லாகவே இருந்தாக வேண்டும் என்ற பிடிவாதத்தால்தான் கூட்டாண்மை போன்றவை பிறக்கின்றன. ‘பெற்றேன்’ என்பதிலுள்ள ‘ஏன்’ விகுதி, பேசுபவரைத் தப்பவிடாமல் பிடித்து நிறுத்துகிறது.

பணம் இன்றிப் பொருள் மட்டும் வந்திருந்தால் ‘இலவசமாகப் பெற்றேன்’ என்று எழுதலாம். அங்கே ‘வாங்கினேன்’ என்று மட்டும் எழுதக் கூடாது. ‘பணம் வாங்கினேன்’ என்பதில் ஐயம் இல்லை. ‘இந்த எண்ணெயை வாங்கினேன்’ என்றாலோ, கேட்பவர் அதைக் காசு கொடுத்து வாங்கியதாகவே கொள்வார்.