ஐ.என்.ஏ. தியாகி பென்ஷன்: ஆச்சிகள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாக பர்மாவுக்கும், தோட்ட வேலைக்கு மலேயாவுக்கும் போன நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் பலர் 1943-க்குப் பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் சிறையிலும் முகாமிலும் அடைபட்டுக் கிடந்துவிட்டு, வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். இவர்களையும் சேர்த்து 1972-ல் மத்திய அரசு தியாகி பென்ஷனைக் கொண்டுவந்தது. ஐ.என்.ஏ. வீரருக்கு 2016 முதல் மாத அடிப்படைத் தொகை 26,000 ரூபாய். அகவிலைப்படி தனி. அவர் இறந்தால் மனைவிக்கு அதே தொகை. மனைவியும் இறந்த பிறகு, சொந்த வருமானமில்லாத திருமணமாகாத மகளுக்குப் பாதி.

மகனுக்கும் பேரனுக்கும் இதில் எதுவும் கிடையாது. "வாரிசு பென்ஷன் வாங்கித் தருகிறேன்" என்று புரோக்கர் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நேதாஜி நிதிக்கு நகையைக் கழற்றிக் கொடுத்தது பெரிய தியாகம்தான், ஆனால் அதை வைத்து மனுப் போட முடியாது. குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் கேட்பார்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மூன்று மாதம்.

அந்தச் சிறைவாசத்துக்குச் சான்று கேட்கும்போதுதான் அலைக்கழிப்பு ஆரம்பிக்கிறது. ரங்கூன் சிறையின் பதிவேட்டைக் கொண்டுவா என்று தொண்ணூறு வயது ஆச்சியிடம் சொன்னால் அவர் எங்கே போவார்? சிறைப் பதிவேடு இல்லையென்றால், அது கிடைக்கவில்லை என்று மாநில அரசு தரும் சான்றும், கூட இருந்த கைதியின் சான்றும் வைக்கலாம் என்று விதியே சொல்கிறது. கூட இருந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் அவர்களில் யாராவது அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த காகிதம் பரணில், பெட்டகத்தில் கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கொலை வழக்கில் கேட்பதுபோல் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் குர்தியால் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. காலதாமதத்தைக் காட்டி மனுவைத் தள்ளக் கூடாது என்று 1993-லேயே முகுந்த் லால் பண்டாரி வழக்கில் சொல்லியாகிவிட்டது. இந்த இரண்டு பெயரையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்த சிக்கல் ஊர். பழைய தாளில் 'ராமநாதபுரம் ஜில்லா' என்று இருக்கும். அதைப் பார்த்ததும் ராமநாதபுரம் போங்கள் என்பார்கள். போக வேண்டாம். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-ல்தான். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு சிவகங்கை கலெக்டர் அலுவலகம்தான். ராயவரம், கோனாபட்டுக்காரர்கள் புதுக்கோட்டைக்குப் போக வேண்டும். அந்த மாவட்டமே 1974-ல் பிறந்தது, பழைய தாளில் அது எப்படி இருக்கும்?

அப்புறம் பெயர். படைத்தாளில் ஐயா 'கருப்பையா', ரேஷன் கார்டில் 'கருப்பன்'. ஆச்சி ஒரு தாளில் மீனாள், ஆதாரில் மீனாட்சி. பல மனுக்கள் இந்த ஒரு எழுத்து வித்தியாசத்திலேயே செத்துப் போகின்றன. இருவரும் ஒருவரே என்ற சான்றைத் தாசில்தாரிடம் வாங்கிவிட்டு மனுவைப் போடுங்கள். போட்ட பிறகு வாங்கப் போனால் கோப்பு அங்கேயே உறங்கிவிடும்.

மனுவைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 'கிடையாது' என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். தரவில்லையா, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டியது அவர்கள் கடமை. மாநில அரசின் தியாகி பென்ஷன் வேறு, அதற்குத் தனி மனு.

ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கும் ஆச்சிகளுக்கு நவம்பர்தான் கண்டம். உயிர்வாழ் சான்று போகாவிட்டால் பணம் நின்றுவிடும். எழுபது வயதைக் கடந்தவர்களிடம் வங்கியே வீட்டுக்கு வந்து அதை வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-ல் சொல்லியிருக்கிறது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போகாமல் மேலாளரிடம் கடிதம் கொடுங்கள்.

பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க முடியாது என்று திருப்பிவிடுவார்கள். அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.