ஆன்டெனாவின் மறுபாதி எங்கே இருக்கிறது?

சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்கத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மீட்டர் கம்பி கட்டணும்?" என்பதுதான். கணக்கு எளிது. 9.6 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 31 மீட்டர். அதில் பாதியைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 15 மீட்டர் கம்பி எடுத்து, நடுவில் வெட்டி, இரு பக்கமும் ஏழரை மீட்டராக இழுத்துக் கட்டி, வெட்டிய இடத்தில் கேபிளைச் சேர்த்தால் டைபோல் தயார்.

ஒலிபரப்புகிறவர் இந்த அளவில் கறாராக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அனுப்பும் சக்தியில் ஒரு பகுதி திரும்பி வந்து கருவியைச் சுடும். கேட்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை. சிற்றலையில் ரேடியோவுக்குள் பிறக்கும் இரைச்சலைவிட, தொலைதூர மின்னல்களிலிருந்தும் அக்கம்பக்கத்து மின்கருவிகளிலிருந்தும் ஆன்டெனா வழியாக வரும் இரைச்சல்தான் அதிகம். கம்பி ஒன்றிரண்டு மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ நிலையமும் இரைச்சலும் சேர்ந்தே ஏறி இறங்கும், விகிதம் அப்படியேதான் இருக்கும். சிக்னல் மீட்டரின் முள் ஏறுவதைப் பார்த்து மயங்கக் கூடாது. இரைச்சல் ஏறினாலும் அது ஏறும்.

சரி, வேறு எதைக் கவனிப்பது? மொட்டை மாடியிலிருந்து ஒற்றைக் கம்பியை இழுத்து வந்து ரேடியோவில் செருகுகிறோம். கம்பியில் வரும் மின்னோட்டம் ரேடியோவுக்குள் நுழைந்தால், வெளியேறவும் ஒரு வழி வேண்டும். நாம் வழி அமைத்துத் தராவிட்டால் அது அடாப்டர் வயரைப் பிடித்து வீட்டு வயரிங்குக்கும் எர்த்துக்கும் போய்விடும். அதாவது, நமக்குத் தெரியாமலே வீட்டு வயரிங் ஆன்டெனாவின் மறுபாதியாகிவிடுகிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் பெரும்பாலும் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இணைக்கின்றன. அதில் எழும் மேலதிர்வுகள் (அந்த வேகத்தின் மடங்குகளான அதிர்வெண்கள்) சிற்றலை முழுக்கப் பரவி அந்த வயரிங்கில்தான் ஓடுகின்றன. ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். உறுமல் அடங்கினால் குற்றவாளி வெளியே இல்லை.

ஒற்றைக் கம்பிதான் வசதி என்றால், அது தொடங்கும் முனையை வீட்டிலிருந்து எட்ட வையுங்கள். அங்கே கம்பியின் அதிக மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பை) கேபிளுக்கு ஏற்பக் குறைக்கும் ஒரு 9:1 மின்மாற்றி, அதற்கெனத் தனியாக மண்ணில் அடித்த எர்த் கம்பி, அங்கிருந்து வீட்டுக்குள் கோஆக்சியல் கேபிள் (டிவி கேபிள் போல, நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ளது). இப்போது மறுபாதி தோட்டத்து மண்ணுக்கு மாறிவிடுகிறது.

இடம் இருந்தால் என் வாக்கு டைபோலுக்குத்தான். அதன் இரண்டு பாதிகளும் வெளியே வானத்தில் இருக்கின்றன. நடுவில் மின்மறுப்பு சுமார் 73 ஓம் என்பதால் சாதாரண 75 ஓம் டிவி கேபிளே போதும். ஒரு சின்னத் திருட்டு மட்டும் இதிலும் உண்டு: கேபிளின் வெளிப்பின்னலின் மேற்பரப்பு மூன்றாவது கையாக மாறி வீட்டு இரைச்சலை மேலே கொண்டுபோகும். இணைப்புக்குக் கீழே கேபிளை ஃபெரைட் என்ற காந்தப்பொருளால் ஆன ஒரு வளையத்தில் சில சுற்றுகள் சுற்றினால் அந்த வழி அடைபடும். பால்கனி மட்டுமே உள்ள அடுக்குமாடிவாசிகளுக்கு ஒரு மீட்டர் விட்ட லூப் (வளைய ஆன்டெனா) நல்லது. திருப்பித் திருப்பி வைத்து, ஒரு திசை இரைச்சலையாவது அமுக்கிவிடலாம்.

பலவீனமாகக் கேட்டாலும் அமைதியாகக் கேட்கும் ஆன்டெனா வெல்லும் என்பது பழைய பாடம். 1921 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டி வரும் அமெரிக்க அமெச்சூர்களின் (பொழுதுபோக்காக வானொலியில் ஈடுபடுபவர்களின்) சமிக்ஞையைப் பிடிக்க ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனுக்குப் போன பால் காட்லி, தரைக்குச் சற்று மேலே நீளமாக ஓடும் பெவரேஜ் கம்பியைத்தான் கட்டினார். அந்த வகைக் கம்பி பிடிக்கும் சக்தி சொற்பம். ஆனால் ஒரு திசையை மட்டும் கேட்பதால் மற்றத் திசைகளின் இரைச்சல் குறைந்துவிடும். சமிக்ஞைகள் அவருக்குக் கேட்டன.

அப்புறம், கையடக்க ரேடியோ வைத்திருப்பவர்கள் 15 மீட்டர் கம்பியை அதன் குச்சி ஆன்டெனாவில் அப்படியே மாட்ட வேண்டாம். உள்ளே சக்தி அதிகமாகி ஒரே நிலையம் பல இடங்களில் பேயாகத் தலைகாட்டும். நான்கைந்து மீட்டர் போதும், அல்லது உள்ளே வரும் சமிக்ஞையைக் குறைக்கும் 'லோக்கல்' சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். கம்பி எதுவானாலும் மின்சார லைனுக்கு மேலாகவோ கீழாகவோ போகக் கூடாது. இடி மழைக்கு முன்பே கேபிளைக் கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.