அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது?

ஏப்ரல், மே வந்தால் என் அலுவலகத்துக்கு மாணவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். படிப்பு முடிந்திருக்கும், ரூமைக் காலி பண்ணியிருப்பார்கள், அட்வான்ஸ் மட்டும் திரும்ப வந்திருக்காது. சென்னையில் பல வருடங்களாக வாடகை வழக்குகள் பார்க்கிற வக்கீல் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பணத்தை இழந்தது காலி பண்ணிய அன்று இல்லை. குடிவந்த அன்றே அது போய்விட்டது. அதனால்தான் அட்மிஷன் சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே இதை எழுதுகிறேன்.

ஒரு உதாரணம். வேளச்சேரியில் இரண்டு பெட்ரூம் வீடு, வாடகை 15,000, பத்து மாத அட்வான்ஸ் 1,50,000. நான்கு பையன்கள் சேர்ந்து ஆளுக்கு 37,500 போட்டுக் குடிபோனார்கள், அக்ரிமென்ட் அதில் ஒருவன் பெயரில். ஒருவன் கிளம்பும்போது புதிதாக வருகிறவனிடம் தன் பங்கை வாங்கிக்கொண்டு போவான், அவன் போகும்போது அடுத்தவனிடம் வாங்குவான். இப்படியே நாலு வருடம் ஓடி, கடைசியாக இருந்த பையன் என்னிடம் வந்தபோது அவன் கையில் இருந்தது காலாவதியான பதினோரு மாத அக்ரிமென்ட்டின் ஜெராக்ஸ் மட்டும்தான், அதிலும் அவன் பெயர் இல்லை. பணத்தை சீனியர் கையில் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறான். ஓனரோ, “எனக்கு அட்வான்ஸ் கொடுத்தது வேற பையன் தம்பி, அவன் வரட்டும், தர்றேன்” என்கிறார். அந்த வேறு பையன் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறான்.

ஓனரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இவனிடம் கொடுத்துவிட்டு நாளைக்கு அவன் வந்து கேட்டால் என்ன செய்வார்? அந்தப் பழைய மாணவனிடமிருந்து “என் பெயரில் இருக்கும் அட்வான்ஸை இவரிடம் கொடுக்கலாம்” என்று கையெழுத்துப் போட்ட கடிதத்தை வரவழைத்து, பணத்தை வாங்க மூன்று மாதம் ஆனது. பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டார்கள்.

ஆகவே நண்பர்களின் ரூமில் பாதியில் சேருகிறவர்களுக்கு முதல் வேலை இதுதான். உங்கள் பங்கை ஓனரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், போகிறவருக்கு அவர் திருப்பித் தரட்டும். அவ்வளவு சிரமம் வேண்டாம் என்று ஓனர் சொன்னால், போகிறவர், வருகிறவர், ஓனர் மூவரும் கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதமாவது வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் ஓனரும் இருக்கிற வாட்ஸப் குழுவில், இன்ன தேதியில் இன்னாருக்குப் பதில் இன்னார் வந்திருக்கிறார், அட்வான்ஸில் அவர் பங்கு இவ்வளவு என்று எழுதி, அவர் ‘சரி’ என்று பதில் போடும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம் என்பதில் ஒரு தப்பான நம்பிக்கை பரவியிருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதில் இருப்பது உண்மைதான், ஆனால் ‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற சொற்களும் கூடவே இருக்கின்றன. பத்து மாதம் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் மூன்று மாதத்தைப் பற்றிப் பேச முடியாது. பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். காலி பண்ணிய ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு என்று புரோக்கர் சொல்வார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும் என்ற பழைய கணக்கில் வந்த பழக்கம் அது. புதிய சட்டப்படி எத்தனை மாத வாடகையாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், இதற்கென்று அரசு நியமித்திருக்கிற வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். தகராறு என்று போனால் முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான்.

இன்னொன்று, இதைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். முதல் வருடத்தில் சேருகிற பிள்ளைகளில் பலருக்கு 18 நிரம்பியிருக்காது. அவர்கள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடுங்கள், ரூமில் இருக்கப்போகிறவர்கள் எல்லோருடைய பெயரையும் உள்ளே எழுதச் சொல்லுங்கள்.

வாடகைக்கு விடுகிறவர்தான் வீட்டுக்காரரா? வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடு என்று சொல்லி வேறு நாலு பேரிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொத்து வரி ரசீது, இபி பில் இரண்டிலும் என்ன பெயர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சொத்து யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசு கட்டாமலே பார்க்கலாம். கேட்டால் ஓனர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம், ஒழுங்கான ஓனர்கள் காட்டிவிடுவார்கள். வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பவே அனுப்பாதீர்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை, “அட்வான்ஸைத் திருப்பி அனுப்புறேன், பின் போடுங்க” என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

குடிபோகும் அன்று சாமான் இறக்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி ஒரு வீடியோ எடுங்கள். ஒவ்வொரு குழாயையும் திறந்து காட்டுங்கள், சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஆணி ஓட்டைகள், பாத்ரூம் கதவின் அடியில் ஊறிப்போன பலகை, உடைந்த சுவிட்ச், இபி மீட்டரில் ஓடும் எண் எல்லாம் தெரிய வேண்டும். எடுத்ததும் ஓனருக்கே அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். கரன்ட்டுக்கு யூனிட் கணக்கா, தனி இணைப்பா என்பதும் அன்றே பேச வேண்டிய விஷயம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வர வேண்டியது. கீழ்த்தளம் என்றால் தெருமுனைக் கடைக்காரரிடம் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஹாஸ்டல், பிஜி விஷயம் வேறு. அங்கே நீங்கள் பெரும்பாலும் வாடகைதாரர் என்ற கணக்கில் வரமாட்டீர்கள், மேலே சொன்ன பாதுகாப்பை அப்படியே எதிர்பார்க்க முடியாது. பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் வருடச் சட்டப்படி உரிமம் வேண்டும், பிள்ளையைச் சேர்க்கும் முன் அதைக் காட்டச் சொல்லுங்கள். ஒருவருக்கு மாதம் 20,000 வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் சேர்த்திருந்தால் கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். ஆதார் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைத்த நகல் போதுமா என்று கேளுங்கள்.

போன மாதம் ஒரு மாணவி கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே அக்ரிமென்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு வரி, ‘உரிமையாளர் எந்நேரமும் வீட்டுக்குள் வந்து பார்வையிடலாம்’ என்று. 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்பது சட்டம் என்று சொல்லி, அந்த வரியைப் பென்சிலால் சுற்றிக் கொடுத்தேன். மறுநாள் போன் பண்ணினாள். ஓனர் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, “இது பழைய ஃபார்ம்மா, டைப் பண்றவர் அப்படியே போட்டுட்டார்” என்று அந்த வரியை அடித்து, ஓரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்களாம்.