பாம்புக்கு அஞ்சாதவர் மூச்சுக்கு அஞ்சினார்

இருட்டில் கிடந்த கயிற்றைக் கண்டு இரண்டடி பின்னால் துள்ளுகிறோம். அப்புறம்தான் 'அட, கயிறு' என்று தெரிகிறது. அச்சத்தின் சூட்சுமம் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

மூளையின் நடுவே தலாமஸ் என்றொரு சந்திப்பு. புலன்கள் அனுப்பும் சேதி அங்கே பிரிகிறது. ஒரு கிளை மூளையின் மேலடுக்கான பெருமூளைப் புறணிக்குப் போய் நிதானமாக அலசப்படும். மற்றது குறுக்குவழியில், மூளையின் அபாயமணியான அமிக்டலாவை எட்டும். பாதாம் பருப்பு வடிவில், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில், பக்கத்துக்கொன்றாக இருப்பது அது. எலிகளுக்கு ஒலியைக் கேட்கவைத்து இந்தக் குறுக்குவழியைக் காட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ. மனிதரின் பார்வைக்கும் அது அப்படியே பொருந்துமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

அமிக்டலா மணியடித்ததும் சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டுகின்றன. குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திரும்புகிறது. 'வயிற்றைக் கலக்குது' என்பது வெறும் பேச்சல்ல. உமிழ்நீர் வற்றி நாக்கு ஒட்டுகிறது. கொட்டிய அட்ரினலின் பாதியாகக் குறையவே 2, 3 நிமிடம் ஆகும். கயிறு என்று தெரிந்த பிறகும் கை நடுங்குவது அதனால்தான்.

அப்படியானால் அமிக்டலா இல்லாவிட்டால் பயமே இராதா? மருத்துவ உலகம் எஸ்.எம். என்று மட்டும் குறிப்பிடும் அமெரிக்கப் பெண்ணுக்கு, ஓர் அரிய மரபணு நோயால் இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துவிட்டன. பாம்பைக் கையில் வாங்கி அதன் நாக்கைத் தொட்டுப் பார்த்தவர் அவர். 2013இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றை முகமூடி வழியே ஒரே ஒரு மூச்சு இழுக்கவைத்தார்கள். பதறிப்போய் முகமூடியைக் கழற்றச் சொல்லிக் கையை வீசினார். அதே குறைபாடுள்ள வேறு இருவருக்கும் இதே கதி. அமிக்டலா நன்றாக இருந்த 12 பேரில் 3 பேர்தான் பீதியடைந்தார்கள்!

கரியமில வாயு ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டும். அதை மூளைத்தண்டே நேரடியாக உணர்ந்துவிடும். அமிக்டலாவின் தயவு வேண்டாம். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு வாசல், மூச்சு முட்டலுக்கு இன்னொரு வாசல்.

ஆனால் பீதியில் நாம் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது நடப்பது தலைகீழ். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, விரல் நுனி மரத்து, தலை சுற்றும். அது இன்னும் பயமுறுத்தும். காகிதப் பையில் மூச்சுவிடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையில் அது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால், ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டாலே போதும்.

எஸ்.எம். விஷயத்தில் இன்னொன்று. அடுத்த முறை அதே முகமூடியை மாட்டும்போது, வரப்போவது தெரிந்தும், அவரிடம் முன்கூட்டிய படபடப்பு எழவில்லை.