பேட்டரி விளக்கு எரிந்தால் கோளாறு பேட்டரியில்தானா?

பழைய காரின் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்ததும் பலர் புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். சில நாளில் அதுவும் படுத்துவிடுகிறது. அந்த விளக்கு பேட்டரியின் நிலையைச் சொல்வதில்லை. இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறதா என்பதைத்தான் சொல்கிறது.

பல்பின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்ச் வழியாக பேட்டரிக்குப் போகிறது, மறுமுனை ஆல்டர்நேட்டருக்கு. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து பல்ப் வழியாக ஆல்டர்நேட்டரின் சுழலும் காயிலுக்குக் கொஞ்சம் மின்சாரம் பாயும், பல்ப் எரியும். காயிலைக் காந்தமாக்கி ஆல்டர்நேட்டரைத் தட்டி எழுப்புவது இந்தச் சிறு மின்சாரம்தான். இன்ஜின் ஓடியதும் இரு முனையிலும் ஏறக்குறைய ஒரே வோல்ட் வந்துவிடுவதால் பல்ப் அணைந்துவிடும். ஆகவே சாவி போட்டும் விளக்கு எரியாவிட்டால் அதுவும் கோளாறுதான். பல்ப் போயிருந்தால் சில ஆல்டர்நேட்டர்கள் சார்ஜ் செய்யவே தொடங்காது.

இனி வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். சில மணி நேரம் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ்; 12 வோல்ட் என்றால் ஏறக்குறைய காலி. இன்ஜினை ஓடவிட்டால் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். ஏறவே இல்லையென்றால் முதலில் ஆல்டர்நேட்டரைச் சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள்: தளர்ந்திருக்கிறதா, பளபளவென்று வழுவழுப்பாகிவிட்டதா? பெல்ட் சரியென்றால் சுழலும் காயிலுக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டதோ என்றுதான் சந்தேகம். 15 வோல்ட்டைத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி நீர் கொதித்து வற்றும்.

பழைய கார்களில் அதிகம் ஏமாற்றுவது எர்த் இணைப்பு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனையை இன்ஜினோடும் கார் உடம்போடும் இணைக்கும் வயர். ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜின் ஓடும்போதே மீட்டரின் ஒரு வயர் முனையை ஆல்டர்நேட்டர் உடம்பிலும் மற்றதை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு. எர்த் வயரைக் கழற்றி, உலோகம் மின்னும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினால் போதும். ஆல்டர்நேட்டரை மாற்றுமுன் இதைச் செய்யுங்கள்.

விளக்கு மங்கலாக மினுங்கினால், ஆல்டர்நேட்டரின் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் டையோடுகளில் ஒன்று பெரும்பாலும் போயிருக்கும். மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி பேட்டரி முனைகளில் வைத்தால் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது அதற்குச் சான்று.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தக் கணத்தில் வோல்ட் எகிறி டையோடும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கருகிவிடக்கூடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தால், தேவையற்ற மின்கருவிகளை அணைத்துவிட்டு பேட்டரியில் மிஞ்சிய சார்ஜைக் கொண்டு கொஞ்ச தூரம் போகலாம். ஆனால் கண் வெப்பமானியின் மேலேயே இருக்கட்டும். பல கார்களில் தண்ணீர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. முள் ஏறத் தொடங்கினால் பெல்ட் அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஓரமாக நிறுத்தி இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள்.