நார்சிஸம்: ஒரு பூவும் ஒரு மீனும்

'நார்சிஸ்ட் என்று யாரைச் சொல்லலாம்? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தன்னைத் தானே வியந்து, அதே வியப்பைப் பிறரிடமும் ஓயாமல் எதிர்பார்க்கும் மனப்போக்குதான் நார்சிஸம். கிரேக்கக் கதையில் நார்சிசஸ் என்ற இளைஞன் சுனைநீரில் தன் உருவத்தையே கண்டு காதலித்து, ஏங்கி மடிகிறான். அவன் கிடந்த இடத்தில் ஒரு பூ நிற்கிறது. 1890களின் கடைசியில் ஆங்கிலேய மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸும் ஜெர்மன் மனநல மருத்துவர் பால் நேக்கேயும் அந்தப் பெயரை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1914இல் உளப்பகுப்பாய்வின் தந்தை ஃபிராய்டின் கட்டுரை அதைப் பரப்பியது. செல்ஃபி எடுப்பவரையெல்லாம் நார்சிஸ்ட் என்பது தவறு. ஆளுமைக் கோளாறு உண்டா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்தது அந்தப் பூதான். அதன் பெயர் கதையில் வரும் பையனால் வந்ததல்ல, 'நார்க்கே'யிலிருந்து வந்தது என்று 1ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார். நார்க்கே என்றால் மரத்துப்போதல். இன்றைய மொழியியலாளர் பலர் இதை ஏற்பதில்லை. ஆனால் தொட்ட கையை மரக்கவைக்கும் மின்திருக்கை மீனுக்கும் கிரேக்கர்கள் இட்ட பெயர் நார்க்கேதான்!

இந்தப் பூவையும் மீனையும் இணைக்கும் இன்னொரு கதை நரம்பில் இருக்கிறது. நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து செய்தி அனுப்புகிறது. அடுத்த செய்திக்கு இடம்விட, ஒரு நொதி (என்சைம்) அதை உடனே சிதைக்கிறது. நொதியின் ஒரே மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளைச் சிதைக்கும். மின்திருக்கையின் மின்னுறுப்பில் இத்தகைய நரம்புச் சந்திப்புகள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால் அந்த நொதி அங்கே ஏராளம். 1991இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் அதைக் கொண்டே நொதியின் வடிவத்தைக் கண்டார்கள். சிதைக்கும் இடம், சுமார் 2 நானோமீட்டர் ஆழமுள்ள குறுகலான பள்ளத்தின் அடியில் ஒளிந்திருந்தது. மீனின் நொதியை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பள்ளத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நார்சிசஸ் இனப் பூவான டாஃபடிலின் கிழங்கில் கலன்டமைன் என்ற பொருள் இருக்கிறது. அது அதே பள்ளத்துக்குள் இறங்கி வழியை அடைத்துக்கொள்கிறது. 1999இல் அதையும் மின்திருக்கையின் நொதிக்குள்ளேயே படம்பிடித்தார்கள். அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களுக்கு அசிட்டைல்கோலின் குறைந்துவிடும். சிதைவைத் தடுத்தால் மிச்சமிருப்பது சற்று நேரம் கூடுதலாக நிற்கும். நோய் குணமாகாது, சிலருக்கு மறதியின் கடுமை கொஞ்ச காலம் தணியும். அமெரிக்காவில் 2001இல் கலன்டமைனை மருந்தாகப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. பிரிட்டனின் வேல்ஸ் மலைப்பகுதியில் இந்த மருந்துக்காகவே டாஃபடில் பயிரிடுகிறார்கள்.